ஐந்தாம் மாடியில் மாட்டாத பலகை

பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் என் கணவரின் இடுப்பைக் கவனித்தேன். பெல்ட்டில் ஆபீஸ் போனை வைக்கும் தோல் உறை காலியாக இருந்தது.

அவர் லிப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக அந்தப் போன் அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. குளிக்கப் போனால் குளியலறை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். எங்கள் மகள் பிறந்த அன்று, குழந்தையை ஒரு கையில் வாங்கிக்கொண்டே, எங்கோ மாட்டிக்கொண்ட யாரோ ஒருவரிடம் "கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்று சொன்ன மனிதர் இவர்.

"ஆபீஸ் போன் எங்கங்க?" என்றேன்.

"கொடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ஆபீஸ்லதான். லீவுல எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவர் கம்பெனியில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது பட்டியல் ஒன்று வரும் என்று பேச்சு இருந்தது. "என் பேர் இருக்காது" என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். வேலை போகிறவனிடம் கம்பெனி முதலில் வாங்கி வைத்துக்கொள்வது போனைத்தான் என்று என்னிடம் சொன்னவரும் இவரேதான்.

அங்கேயே நேராகக் கேட்டிருக்கலாம். பக்கத்து சீட்டில் மகள் இருந்தாள். ஒன்பது வயது, வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம், இரண்டு காதும் எப்போதும் எங்கள் பக்கம் இருக்கும். அதுவும் போக, இவர் ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் பல்லைப் பிடுங்கினாலும் வாயிலிருந்து வராது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மை என்னவென்றால், கேட்டு, "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் பள்ளிக் கட்டணம் நிற்கும், பள்ளிக் கட்டணம் கொடுத்தால் அடுப்பு நிற்கும்.

அந்தக் கடற்கரைக்கு எல்லோரும் போவார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில், நீலத் தண்ணீர், காலண்டரில் போடுகிற மாதிரி மணல். எங்கள் கட்டடத்தில் அங்கே போகாமல் பாக்கி இருந்தது நாங்களும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும்தான். மூன்று வருடம் கெஞ்சி, ஒரு வருடம் சண்டை போட்டு இந்தப் பயணத்தை வாங்கியிருந்தேன். நான்கு நாள்.

என் கணவருக்கு நான் வைத்த பெயர் சிக்கனச் சிகாமணி. செவ்வாய்க்கிழமை கிளம்பினோம், அன்றைக்குத்தான் டிக்கெட் மலிவு. ரயிலில் ஐந்து மணி நேரம், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம், ஆகவே பஸ். முட்டை வேக வைக்க வீட்டு மின் கெட்டில் வந்தது. முட்டைகளும் வந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலுறைக்குள். கடற்கரையில் குடை வாடகைக்கு எடுக்கக் கூடாது என்று மழைக்குடை இரண்டு வந்தன. வெயிலுக்குப் பூசுகிற கிரீம் என் கடையிலிருந்தே வந்தது, காலாவதி ஆக இரண்டு மாதம் இருந்ததால் பாதி விலை. இவை போக ஒரு கறுப்புப் பை இருந்தது. அதை என்னைத் தூக்கவே விடவில்லை.

"முட்டை இருக்கு, உடைஞ்சிடும்" என்றார்.

நான் ஏற்கெனவே ஒரு முறை நகர்த்திப் பார்த்திருந்தேன். அந்தக் கனத்துக்கு முட்டை போட யானைதான் வரவேண்டும். அதையும் கேட்கவில்லை. அந்தப் பயணம் முழுவதும் நான் கேட்காமல் விட்டவற்றை ஒரு சாக்கில் போட்டால் அந்தப் பையை விடக் கனமாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்டவர் எங்களை எங்கே தங்க வைப்பார்? கடலுக்கு மூன்று தெரு பின்னால், குழாயில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம் என்கிற ஏதாவது ஒரு விடுதியில் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டோ கடலைப் பார்த்த ஏழு மாடி ஹோட்டல் வாசலில் நின்றது. மேலாளர் தானே வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்றார். ஐந்தாம் மாடி, பால்கனியிலிருந்து கடல். யாரும் முன்பணம் கேட்கவில்லை, எதிலும் கையெழுத்து வாங்கவில்லை.

"எவ்வளவுங்க இது?"

"ஆஃப் சீசன். தள்ளுபடி."

கீழே வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம். ஆஃப் சீசனாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வேலை போயிருக்கிறது, கணக்கை முடித்து மொத்தமாக ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள், வாழ்நாளில் ஒரு தடவையாவது பெண்டாட்டி பிள்ளையைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வோம் என்று மனிதர் அதைக் கடலில் கரைக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்வார். அந்த அறையில் போட்டிருந்த வெள்ளை விரிப்பில் உட்காரவே எனக்குக் கூசியது.

மறுநாளிலிருந்து நான் அவரை விடச் சிகாமணி ஆனேன்.

வாலு ஐஸ்கிரீம் கேட்டாள். தொண்டை கட்டும் என்றேன். சாய்வு நாற்காலி கேட்டாள். மணலில் உட்கார்ந்தால்தான் முதுகுக்கு நல்லது என்றேன். கரையில் மஞ்சள் படகு ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே இருந்த பாறைத் தீவு வரை போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது திரும்பி வரும்போதும் வாலு எழுந்து நின்று பார்த்தாள்.

"அம்மா, அந்தப் படகுல போலாமா?"

"எனக்குப் படகுன்னா வாந்தி வரும்டி."

"நீ எப்ப படகுல போன?"

"போகாமலே வரும்."

என் கணவருக்கு ஒரே ஆச்சரியம். "பத்து வருஷமா நான் தலைகீழா நின்னேன், இப்பதான் நீ என் வழிக்கு வந்திருக்க" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அவரைக் கடித்து வைக்கலாம் போல இருந்தது. அவர் முகத்தில் ஒரு கவலையும் தெரியவில்லை. நமக்காக எப்படி நடிக்கிறார் பார் என்று நினைத்துக் கண் கலங்கியது, உடனே கோபமும் வந்தது. இவ்வளவு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் எதற்கு நடிப்பு?

மத்தியான வேளைகள் இன்னும் மோசம். இரண்டு மணிக்கு நாங்கள் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். நான்கு மணிக்கு வருவார், முழங்கை வரை கழுவி, சோப்பு வாசனையோடு. கேட்டால் "சும்மா நடந்துட்டு வந்தேன்". இந்த வெயிலில் நாய்கூட நடக்காது. கடற்கரையோரம் வரிசையாக ஹோட்டல்கள், ஒவ்வொன்றிலும் லிப்ட். மனிதர் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வேலை கேட்கிறார் என்று நானே ஒரு படம் வரைந்துகொண்டேன். அந்தப் படத்தில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாமல்கூட இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் போனதும், நான் பால்கனிக்குப் போய் மருந்துக்கடை முதலாளியம்மாவுக்குப் போன் செய்தேன். சாயந்தரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு ஆள் வேண்டும் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதை நானே பாக்கறேன்மா. பகலும் நானே, சாயந்தரமும் நானே."

"குழந்தையை யார் பார்ப்பா?"

"அவர் வீட்ல இருப்பார்" என்றேன்.

மூன்றாம் நாள் அவர் கிளம்பிப் போன சற்று நேரத்தில் வாலு எழுந்துகொண்டாள். மணல் வாளியைக் காலையில் கடற்கரையிலேயே விட்டுவிட்டாளாம். தூக்கமும் வரவில்லை, சரி வா என்று கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாம் மாடியில் பொத்தானை அழுத்தியதும் லிப்ட் வந்தது. எங்களோடு எதிர் அறைக்காரர் ஒருவரும் ஏறினார். பருத்த மனிதர், இடுப்பில் காற்றடித்த வாத்து வடிவ நீச்சல் வளையம். வாத்துக்கே லிப்டில் பாதி இடம் வேண்டியிருந்தது.

நான்காம் மாடியைத் தாண்டியதும் லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. நான் பதறவில்லை. லிப்ட் மெக்கானிக் வீட்டில் சோறு தின்றவள் இதற்கெல்லாம் பதறினால் நன்றாக இராது. மணி படம் போட்ட பொத்தானை வாலு எட்டி அழுத்தினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "வணக்கம். யாரும் பயப்பட வேண்டாம். உள்ளே காத்து வர்றதுக்கு வழி இருக்கு. கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க. மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

இந்த நான்கு வாக்கியத்தையும் நான் பதினோரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறேன். வாலு அதை அந்தக் குரலோடு சேர்ந்து மனப்பாடமாகவே சொன்னாள். கேள்வி வந்ததும் பதிலும் சொன்னாள்.

"மூணு பேர், ஒரு வாத்து. அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?"

ஒலிபெருக்கியில் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"வாலு," என்றது குரல், இப்போது மிகவும் சின்னதாக. "அம்மா கூட இருக்காளா?"

"இருக்கேன்" என்றேன்.

"எந்த மாடில ஏறுனீங்க?"

"அஞ்சு."

"அஞ்சு" என்று திருப்பிச் சொன்னார். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்ட சத்தம் நன்றாகவே கேட்டது.

அவர் ஏன் மேலே லிப்ட் மோட்டார் அறையில் இருக்கிறார், எதற்கு இருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அப்போது இரண்டாம் பட்சம். மூன்று நாளாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. எதிரே முகம் இல்லாமல் ஒரு சல்லடைத் தகடு மட்டும் இருந்ததால் கேட்பதும் சுலபமாக இருந்தது.

"உங்களுக்கு வேலை போயிடுச்சா?"

"என்னது?"

"கம்பெனி வேலை. ரெண்டாவது பட்டியல்ல உங்க பேரும் இருந்துச்சா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"இல்லம்மா. வேலை இருக்கு. யாரு சொன்னா போயிடுச்சுன்னு?"

"யாரும் சொல்லலை. அதனாலதான் கேக்கறேன். வாலு மேல சத்தியமா?"

"சத்தியமா. திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில ரெண்டு லிப்ட்டுக்குக் கயிறு மாத்தணும், நான் போகலைன்னாதான் வேலை போகும். ரெண்டாவது பட்டியலே கிடையாதுன்னு போன வாரம் நோட்டீஸ் ஒட்டிட்டாங்களே. நான் சொல்லலை?"

"சொல்லலை."

"சொன்னதா நினைச்சேன்."

அப்படியே லிப்ட் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. மூச்சை இழுத்து விட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த புழுங்கின காற்று அவ்வளவு நன்றாக இருந்தது.

"வாத்து மேல சாஞ்சுக்கங்கம்மா, பரவாயில்லை" என்றார் எதிர் அறைக்காரர். சாய்ந்துகொண்டேன்.

"அப்ப ஆபீஸ் போன்?" என்றேன் தகட்டைப் பார்த்து.

"நீதானே சொன்ன."

ஆமாம், நான்தான் சொன்னேன். நான்கு வருடத்துக்கு முன்னால் என் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பதினான்கு தடவை அந்தப் போன் அடித்தது. பதினைந்தாவது தடவை, பந்தியில் பாதியில் எழுந்து, மண்டபத்து லிப்டைச் சரி செய்யப் போய்விட்டார். இனிமேல் வெளியூரில் அந்தப் போனையோ ஒரு ஸ்பேனரையோ உங்கள் கையில் பார்த்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டி ஏறிவிடுவேன் என்று அன்றைக்குச் சொன்னேன். மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

"போனை ஜூனியர் பையன்கிட்டக் கொடுத்துட்டேன். ஸ்பேனரை மட்டும்..." என்று இழுத்தார்.

"முட்டைப் பையில வச்சீங்க."

"மேலாளர் எங்ககூட முன்னாடி வேலை பார்த்தவரு. லிப்ட் ரெண்டு மாசமா உதறுது, பாத்துக் கொடுத்தா நாலு நாள் ரூம் உன்னுதுன்னாரு. எங்க ஆபீஸ்லயும் கேட்டுட்டேன், லீவுல நீ என்ன செஞ்சா எங்களுக்கென்னன்னுட்டாங்க. கடல் தெரியிற ரூம்மா. நாம காசு கொடுத்து அதுல ஒரு மணி நேரம் நிக்க முடியாது. நீங்க தூங்குற நேரத்துல ரெண்டு ரெண்டு மணி நேரம் பாத்தா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"சரி, அஞ்சாம் மாடிக்கு என்ன?"

லிப்டில் கை வைப்பதற்கு முன்னால் எல்லா மாடியிலும் பலகை மாட்ட வேண்டும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். மஞ்சள் பலகைகள், 'பழுது பார்க்கப்படுகிறது, பயன்படுத்த வேண்டாம்' என்று அவர் கையாலேயே எழுதியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினார், அந்த மஞ்சள் இன்னும் மேசையில் இருக்கிறது. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். அதனால் மற்ற ஆறு மாடிகளிலும் மாட்டிவிட்டு, எங்கள் மாடியை மட்டும் விட்டிருக்கிறார். அங்கிருந்து யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி காவலாளியிடம் சொல்லிவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று நம்பி மேலே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார். காவலாளி கீழே இருந்தார், நாங்கள் மேலே இருந்தோம்.

"பதினோரு வருஷத்துல என் கையால ஒரு ஆள் உள்ளே மாட்டினதில்லை" என்றார். "ஐயா, நீங்களும் மன்னிக்கணும்."

"வாத்துக்கு ஒண்ணும் ஆகலை, விடுங்க" என்றார் எதிர் அறைக்காரர். "குடும்ப விஷயம் முடிஞ்சுதுன்னா மெதுவா இறக்குங்க, போதும்."

அப்போது இன்னொரு குரல் குறுக்கிட்டது, மேலாளருடையது. அந்தப் பொத்தானை அழுத்தினால் கீழே வரவேற்பு மேசையிலும் கேட்குமாம். நான் அழுததைக் கீழே அறைச் சாவிக்கு நின்ற கூட்டம் முழுவதும் கேட்டிருக்கிறது.

மேலே அவர் கையால் சக்கரத்தைச் சுற்ற, லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாம் மாடியில் நின்றது. காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்தார். அதற்குள் என் கணவர் படியில் ஓடி வந்துவிட்டார். முழங்கை வரை கிரீஸ், கையில் மாட்டாத அந்த ஏழாவது பலகை. நான் திட்டுவதற்கு ஒரு பட்டியலே தயாராக வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது, மீதிப் பாதியைத் திட்டினேன்.

எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். எந்த லிப்டைப் பார்க்கப் போனாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி அது.

"எப்பலருந்து இப்படி?"

"பஸ் ஏறி பத்து நிமிஷத்துலருந்து."

"மூணு நாளாவா?"

"மூணு நாளா."

கிரீஸ் கையோடு என் தோளைத் தொட வந்து, சேலையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் சலவைச் செலவு ஞாபகம் வந்திருக்கிறது.

மேலே போய் முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, சாயந்தர வேலை வேண்டாம் என்றேன். "நீ கேட்டப்பவே வெயில் தலைக்கு ஏறிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். "நீ வர்றேன்னதை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. ஒழுங்கா குளிச்சிட்டு வா." மீதியிருந்த ஒரு மணி நேர வேலையை மறுநாள் பார்ப்பதாக முடிவானது. ஐந்தாம் மாடிப் பலகையை நானே மாட்டுவேன், வாலு அதன் அடியில் நாற்காலி போட்டு உட்காருவாள் என்பது என் நிபந்தனை.

சாயந்தரம் கடற்கரைக்குப் போனோம். மஞ்சள் படகு கரையில் நின்றது. வாலு பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளில் பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று பழகிவிட்டது. அதை என் கணவரும் கவனித்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐஸ்கிரீம், நாற்காலி, படகு என்று நான் வேண்டாம் என்றதெல்லாம் எதனால் என்று அவருக்கு அப்போதுதான் வரிசையாகப் பிடிபட்டிருக்க வேண்டும்.

நேராகப் படகுக்காரரிடம் போனார். படகுக்காரர் ஒரு தொகை சொன்னார். நான் பழக்கத்தில் காத்திருந்தேன். இவர் பாதியில் ஆரம்பிப்பார், திரும்பி நடப்பது போல நடிப்பார், கூப்பிட்டால் நிற்பார், குறைந்தது கால் மணி நேரம் ஆகும். இவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துச் சொன்னதைச் சொன்னபடி கொடுத்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

படகு கிளம்பியது. வெயில் தாழ்ந்து தண்ணீர் முழுவதும் மினுங்கியது. பெல்ட்டில் காலியான உறை தொங்க, அவர் என் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. பாதி தூரம் போனதும் வாலு சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குப் படகுன்னா வாந்தி வரும்னியே?"

"அது மத்தியானமே சரியாயிடுச்சு" என்றேன்.